தலை தீபாவளிக்குத் தங்கைக்குக் கூந்தல் பொருள்கள் வாங்கலாம் என்றிருக்கிறேன், யோசனை சொல்லுங்கள்

பாமணிக்கரை

வணக்கம். எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். தங்கையை வைகாசியில் வேதாரண்யம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். வருகிறது அவளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம், பட்டு வேட்டி, அவளுக்குப் புடவை எல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். அண்ணன் முறைக்கு நான் தனியாக ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறேன்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா சீயக்காய் தேய்த்து அலசி வளர்த்த முடி. ஆடிப்பெருக்குக்கு வந்தபோது பின்னலைத் தொட்டுப் பார்த்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய் நார் மாதிரி சொரசொரவென்று இருந்தது. அங்கே போர் தண்ணீர் உப்பாம், என்ன தேய்த்தாலும் அலசின மாதிரியே இல்லையாம். சீப்பை வைத்தால் முடி சுருளாக வருகிறதாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கை கால் முடி எடுக்க அவள் கல்லூரி நாளிலிருந்தே பார்லருக்குப் போய்வந்தவள். இப்போது இருக்கும் ஊரில் பார்லர் கிடையாது. பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும், அதற்கு மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டும் என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடையில் வாங்கிய கிரீம் ஒன்றைப் போட்டுக் கெண்டைக்கால் முழுக்கச் சிவந்து கொப்பளித்துப் போனது. அதனால் வெளிச்சம் பாய்ச்சி முடியை நிரந்தரமாக நீக்கும் மெஷின் என்று விளம்பரத்தில் வருகிறதே, அதை வாங்கலாமா? ஏழாயிரம் வரை செலவழிக்கத் தயார். "அதெல்லாம் அண்ணன் வாங்கிக் கொடுக்கிற சாமானா?" என்கிறாள் மனைவி. அம்மாவோ எண்ணெய் மட்டும் போதும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை அத்தை

தம்பி, தங்கை முடியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாயே, நல்லா இரு. சீயக்காயை மட்டும் கடையில் பாக்கெட்டாக வாங்காதே, அரைத்துக் கொடு. சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், கொட்டை எடுத்த பூந்திக்காய் 100 கிராம். இதோடு நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை, ஆவாரம்பூ, எலுமிச்சம்பழத் தோல் கைக்கு வந்த அளவு. இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து அரைத்தால் அவளுக்கு ஆறு மாதம் வரும்.

எங்கள் காலத்தில் இதைத் தண்ணீரில் கரைக்க மாட்டோம். சாதம் வடித்த கஞ்சியை முதல் நாளே எடுத்து வைத்து அதில்தான் கரைப்போம். கஞ்சியில் குழைத்த தூள் தலையில் ஒட்டி நிற்கும், கண்ணுக்கு வழியாது, அலசின பிறகு முடியும் வறளாது. குக்கர் வந்த பிறகு கஞ்சியே மறந்துபோச்சு. உன் தங்கை வீட்டில் இன்னும் வடிக்கிறார்களா என்று கேள்.

அந்த மெஷின் விஷயத்தில் உன் மனைவி சொல்வதுதான் சரி. சீர்த்தட்டில் வைக்கிற சாமான் இல்லை அது.

பேராவூரணித் தோப்பு

எண்ணெய் பற்றி நான் சொல்லலாம், எங்களுக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன.

மரச்செக்கு என்று போர்டு போட்டாலே நல்ல எண்ணெய் என்று நம்பிவிடாதீர்கள். கொப்பரையைப் பாருங்கள். பூசணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரை வெள்ளை வெளேரென்று இருக்கும், முகர்ந்தால் மூக்கில் லேசாக எரியும். வெயிலில் மட்டும் காய்ந்த கொப்பரை கொஞ்சம் பழுப்பாக இருக்கும், உடைத்தால் டப்பென்று சத்தம் வரும். முடிந்தால் கொப்பரையை நீங்களே வாங்கிக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று ஆட்டி வாங்குங்கள்.

கடை பாட்டில்தான் என்றால் லேபிளைப் படியுங்கள். சமையலுக்கான உரிம எண் போட்ட தேங்காய் எண்ணெய் என்றால் உள்ளே தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். தலைக்கு என்று விற்கும் வாசனை எண்ணெய்கள் பலவற்றில் லிக்விட் பாரஃபின் என்ற மினரல் ஆயில் சேர்ந்திருக்கும், பொருள் பட்டியலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரே எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 டிசம்பரில்தான் தீர்ந்தது. தலை எண்ணெய் என்று சொல்லி விற்காதவரை சின்ன பாட்டிலாக இருந்தாலும் அது சமையல் எண்ணெய்தான் என்றார்கள்.

அப்புறம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். மார்கழியில் உறைந்துவிட்டது, கலப்படம் என்று தங்கச்சி வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம்.

குடந்தை கௌரி

தம்பி, அந்த மெஷினுக்கு ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கும்பகோணத்தில் 14 வருஷம் பார்லர் நடத்தினேன்.

அதை ஐபிஎல் என்பார்கள், கிரிக்கெட் இல்லை, பளிச் பளிச்சென்று அடிக்கும் ஒளி. முடியில் இருக்கும் கருப்பு நிறமி அந்த ஒளியை வாங்கிச் சூடாகி, வேரைப் பலவீனப்படுத்தும். அதே நிறமி நம் தோலிலும் இருக்கிறதே! வெளுத்த தோலில் கருத்த முடி என்றால் ஒளி நேராக முடியைப் பிடிக்கும். நம் ஊர் மாநிறம், கருப்பு நிறத்துக்குத் தோலும் சேர்ந்து சூட்டை வாங்கும். கொப்பளிக்கலாம், ஆறின இடத்தில் கரும்படை நிற்கலாம். பெட்டியிலேயே வெள்ளையிலிருந்து கருப்பு வரை நிற அட்டவணை அச்சடித்திருப்பார்கள். கடைசிக் கட்டங்களுக்கு நேரே வேண்டாம் என்று குறி இருக்கும். உங்கள் தங்கை என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. விளம்பரத்தில் வரும் பெண்ணின் காலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நிரந்தரம் என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். ஆரம்பத்தில் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று மாதக்கணக்கில் அடிக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது தொடர வேண்டும். முடி குறையும், அடியோடு போகாது. மச்சம், பச்சை குத்திய இடம் இவற்றின் மேல் அடிக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது வேண்டாம் என்று தயாரிப்பவர்களே போட்டிருப்பார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகப்போகும் பெண்ணுக்கு வாங்கும்போது அதையும் நினையுங்கள். நம் நிறத்துக்கு ஒத்துவரும் லேசர் ஒன்று உண்டு, என்டி யாக் என்பார்கள், ஆனால் அது தோல் டாக்டர் கையில் இருக்க வேண்டியது.

கிரீம் ஏன் கொப்பளித்தது தெரியுமா? அதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு, கூடவே கடுமையான காரம். முடியின் புரதக் கட்டை உடைத்துக் கூழாக்கிவிடும். நம் மேல்தோலும் அதே வகைப் புரதம்தான், அதனால்தான் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். முடி போகவில்லையே என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தோலும் வெந்துவிடும். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு போட்டுப் பார்த்து, ஒரு நாள் காத்திருந்த பிறகுதான் காலுக்குப் போடணும். ஒரு தடவை கொப்பளித்த பெண்ணுக்கு மறுபடி கிரீமை வாங்கவே வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், பெண்களுக்கான சின்ன டிரிம்மர். பிளேடு நேராகத் தோலில் படாது, வலிக்காது, எந்த நிறத்துக்கும் சரி. நாலைந்து நாளில் மறுபடி முளைக்கும், அது மட்டும்தான் குறை. மழித்தால் முடி தடிப்பாக வளரும் என்று பயப்பட வேண்டாம். வெட்டின நுனி மொட்டையாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது, முடி அதே முடிதான். வலி தாங்குவாள் என்றால் எபிலேட்டர். அது வேரோடு பிடுங்கும், மூன்று நாலு வாரம் நிற்கும். பார்லரில் வாக்ஸ் பண்ணிப் பழகினவளுக்கு அது பெரிய வலியாகத் தெரியாது.

வலங்கைமான்

மாப்பிள்ளைக்கும் ஒரு டிரிம்மர் சேர்த்து வாங்கிவிடுங்களேன், ஒரே கடையில் முடிந்துவிடும்.

இளம்பிறை, திருத்துறைப்பூண்டி

எல்லாரும் எந்தப் பொருள் நல்லது என்றே பேசுகிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான வருஷம் கணவர் வழி உறவுக்காரர் ஒருவர் அழகான பெட்டியில் பரிசு கொடுத்தார். வீடு நிறையப் பேர் இருந்தார்கள், பிரித்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளே முகத்து முடி எடுக்கும் சின்னக் கருவி. "உனக்கு உபயோகப்படும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, எனக்கும் அது தேவைப்பட்டதுதான். சினைப்பை நீர்க்கட்டியால் தாடையில் முடி வரும், அதற்கு அப்போது மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிமிஷம் அத்தனை கண்களும் என் தாடைக்கு வந்தன. சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினேன். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தக் கருவியை ஒரு நாளும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் நானே கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டேன்.

தலைக்கு எண்ணெய் கொடுத்தால் "உன் கூந்தல் எனக்குப் பிடிக்கும்" என்று அர்த்தம். முடி எடுக்கிற சாமானைக் கேட்காமல் கொடுத்தால் "உன் உடம்பில் இது எனக்குத் தெரிகிறது" என்றுதான் காதில் விழும். அண்ணா, உங்கள் தங்கை அதை அண்ணியிடம்தான் சொன்னாள். அண்ணியே கேட்கட்டும், அண்ணியே வாங்கட்டும், பணம் மட்டும் நீங்கள் கொடுங்கள். பத்துப் பேர் முன்னால் பிரிக்கிற பெட்டியில் அது இருக்கவே கூடாது.

அம்மாப்பேட்டை அத்தை

இளம்பிறை சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. சீர்த்தட்டில் வேண்டாம் என்று நான் முறைக்காகச் சொன்னேன். இந்தப் பொண்ணு சொன்ன காரணம்தான் சரியான காரணம்.

மெஷினெல்லாம் வேண்டாம் என்றால் நலங்கு மாவு கொடு தம்பி. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ். வயலில் களையாகப் பிடுங்கிப் போடுகிற கோரைதான், அதன் கிழங்கைக் காய வைத்து இடித்துச் சேர்ப்போம். தேய்த்துக் குளித்து வந்தால் பூனைமுடி மட்டுப்படும் என்பார்கள்.

நாகை செவிலி

நான் தோல் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அத்தை, நலங்கு மாவு தோலுக்கு நல்ல குளியல் பொடி, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதனால் கை கால் முடி போய்விடும் என்று அந்தப் பெண்ணை நம்ப வைக்க வேண்டாம். ஆறு மாதம் தேய்த்துவிட்டு ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடி கொட்டுவதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லையே. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உண்டு. நீளமான முடி கொட்டினால் பார்க்க இன்னும் அதிகமாகத் தெரியும். அதற்கு மேல் சுருள் சுருளாக வருகிறது என்றால் தண்ணீர் மேல் மட்டும் பழி போடாதீர்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், நடுவில் ஒடிய வைக்கும். வேரோடு கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ளே இருக்கும். ரத்தசோகை, தைராய்டு, டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, பட்டினி, மனசு சரியில்லாமல் இருப்பது. புது வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறாளா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட்டால் நல்லது.

உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் வேரிலிருந்து வந்தது. முண்டு இல்லாமல் குட்டையாக இருந்தால் ஒடிந்தது.

எண்ணெய் முடியை வளர்க்காது. ஆனால் காக்கும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வந்த இந்திய ஆய்வு ஒன்றில், அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே இறங்கும். ஆகவே தலை குளிப்பதற்கு முன்னால் முடி நீளத்துக்கும் தடவுவது சரியான பழக்கம். பொடுகு இருந்தால் மட்டும் உச்சந்தலையில் எண்ணெய் ஊற வைக்க வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அதுவே தீனி.

பரிசாக வாங்கவே கூடாதவை என்று நான் சொல்வது ஹேர் டை, சீக்கிரம் கருப்பாகும் என்று விற்கும் மருதாணிப் பொடி, முடி வளர மினாக்சிடில். மருதாணி இலை தனியாகச் செம்பட்டைதான் கொடுக்கும். கருப்பாகிறது என்றால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் பிபிடி என்ற சாய ரசாயனம். முகம் வீங்கி வருகிறார்கள். மினாக்சிடில் மருந்து, டாக்டர் பார்த்துத் தர வேண்டியது.

அம்மாப்பேட்டை அத்தை

கரிசலாங்கண்ணி எண்ணெயில் முடி வளராது என்கிறாயா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதுதான்.

நாகை செவிலி

வளர்ந்த முடி ஒடியாமல் நின்றால் வளர்ந்த மாதிரிதானே அத்தை. உங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது. நான் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

அம்மாப்பேட்டை அத்தை

சரி, அப்படியென்றால் காய்ச்சும் பதத்தைச் சொல்லிவிடுகிறேன். வரப்பில் வெள்ளைப் பூவோடு கிடக்கும் கரிசலாங்கண்ணியை அலசி அரைத்துப் பிழிந்த சாறு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கு. சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு. முதலில் சடசடவென்று பொரியும். சத்தம் அடங்கி, அடியில் இருக்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி திரள வேண்டும். அந்த வண்டலைத் தீயில் காட்டினால் சடசடக்காமல் எரியணும். ஈரம் துளி மிஞ்சினாலும் பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும், கொடுத்த இடத்தில் உனக்குத்தான் கெட்ட பெயர். வெயிலில் காய வைத்த கண்ணாடி பாட்டிலில் வடிகட்டி ஊற்று.

குடந்தை கௌரி

உப்புத் தண்ணீருக்கு ஒரு வார்த்தை. குளியலறைக் குழாயில் மாட்டும் ஃபில்டர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம், அதில் பெரும்பாலானவை தண்ணீரின் உப்பையும் கடினத்தன்மையையும் எடுக்காது. அந்தப் பக்கம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறதே, கடைசியாக அலசும் இரண்டு செம்பு மட்டும் அந்தத் தண்ணீராக இருக்கட்டும். ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரையும் பிடிக்கலாம். ஷாம்பு வாங்கினால் பொருள் பட்டியலில் இடிடிஏ என்று இருக்கிறதா பாருங்கள், கடினத் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே நல்ல கண்டிஷனர், அது முடி நுனிக்கு மட்டும்.

பெரிய பாட்டில் வாங்கும் முன் சாஷே வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். சாஷே ஷாம்பு பிறந்ததே நம் பக்கத்துக் கடலூரில்தான், சின்னி கிருஷ்ணன் கொண்டுவந்தது. நாலு விதம் வாங்கிக் கொடுத்து எது அவள் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவருகிறது என்று கேட்டால் பெரிய பாட்டில் வீணாகாது. தலை எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலை ஒட்டின சரக்கு என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஈரமான நீள முடியை டர்க்கி டவலால் முறுக்கித் தட்டுவது போல முடியை ஒடிப்பது வேறில்லை. ஈரிழைத் துண்டு நாலு வாங்குங்கள், அகலப் பல் வைத்த மரச்சீப்பு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து மெஷின் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பாமணிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக வரவில்லை, வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில் தங்கையின் நிறம் பற்றி. அவள் என்னைப் போல நல்ல கருப்பு. மெஷின் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கௌரி அக்கா சொன்ன அட்டவணை இருந்தது, எங்கள் நிறத்துக்கு நேரே குறுக்குக் கோடு. ஆர்டர் போடும் பக்கம் வரை போயிருந்தவன் நான்.

இளம்பிறை சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளே தங்கைக்குப் போன் போட்டாள். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் பேசினார்கள், நடுவில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. வெளியே வந்து, "எபிலேட்டர் வேண்டுமாம், நான் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கக் கூடாது" என்றாள். அதை மனைவி தன் கைப்பையில் வைத்துத் தனியாகக் கொடுப்பதாக ஏற்பாடு.

செவிலி அக்கா, உதிர்ந்த முடியைப் பார்க்கச் சொன்னோம். முண்டு இருக்கிறதாம். சாப்பாடு விஷயத்தை அம்மா கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் கூட இருக்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு அம்மா கூட்டிப் போகிறார்.

என் பெட்டியில் சீயக்காய்த் தூள், அத்தை முறைப்படி காய்ச்சிய எண்ணெய் ஒரு லிட்டர், நலங்கு மாவு, ஈரிழைத் துண்டு நாலு, மரச்சீப்பு, கொஞ்சம் சாம்பிராணி. வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்குத் தஞ்சாவூர்க் கதம்பம் நாலு முழம் கேட்டாள்.

பேராவூரணி அண்ணே, உங்கள் பக்கம் கொப்பரை வாங்க வரலாமா?

பேராவூரணித் தோப்பு

தாராளமாக வாங்க தம்பி. வெயில் கொப்பரை எடுத்து வைக்கிறேன், இங்கேயே செக்கில் ஆட்டிக்கொண்டு போகலாம்.

அம்மாப்பேட்டை அத்தை

மழை பிடிப்பதற்குள் சீயக்காயைக் காய வைத்துவிடு தம்பி, இந்த வாரமே. மில்லில் மிளகாய் அரைத்த மெஷினில் போட விடாதே, எவ்வளவு தட்டினாலும் காரம் ஒட்டியிருக்கும், தலையும் கண்ணும் எரியும். காலையில் முதல் ஆளாகப் போய் நில், இல்லையென்றால் அரிசி அரைத்த பிறகு போடச் சொல்.